அங்கியின் நிறம்

கம்பாலாவின் அஞ்சல்வழிக் கல்லூரி ஒன்றில், சேர்க்கை மேசைக்கு வரும் எத்தனையோ பேரைப் பார்த்தவள் நபுகென்யா. ஆனால் செருன்ஜோகி மாதிரி ஓர் ஆளைப் பார்த்ததில்லை.

“வணிகப் பட்டத்துல கடைசி வருஷம் பாக்கி நிக்குதும்மா. முடிக்கலைன்னா அப்பா முகத்துல முழிக்க முடியாது” என்றார்.

“கட்டணம் சொல்லட்டுமா சார்?”

“அது கிடக்கட்டும். பட்டமளிப்பு அங்கியில கழுத்துப் பட்டை என்ன நிறம்?”

“சிவப்பு. பாடத்திட்டம் பார்க்கறீங்களா?”

“தக்காளிச் சிவப்பா, செம்மண் சிவப்பா? மூணு கல்லூரி ஏறி இறங்கிட்டேன். எல்லாம் மஞ்சளும் நீலமும்தான்.”

கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தவரா இவர் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு, அலமாரியிலிருந்த அங்கியை எடுத்துப் போட்டாள். அவர் கைபேசிப் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அதே சிவப்பு!”

படத்தில் அங்கியும் தொப்பியுமாக நின்றவர் அவரேதான். பின்னால் கூடாரம், கேக், முந்நூறு விருந்தாளிகள்.

“நாலு வருஷம் முன்னாடி எடுத்தது. பரீட்சையில தவறினதை நான் சொல்றதுக்குள்ள அப்பா விருந்துக்குக் காளையை வெட்டிட்டாரு. இப்போ இந்தப் படத்துக்குப் பக்கத்துல சான்றிதழ் மாட்ட ஆணி அடிச்சு வெச்சிருக்காரு. சான்றிதழ் வாங்கற விழாவுக்கு வந்தே தீருவேன்னு நிக்கறாரு. அவருக்கு எழுத்து தெரியாது. நிறம் நல்லாத் தெரியும்.”

நபுகென்யா படத்தை உற்றுப் பார்த்தாள்.

“அங்கி, டாக்சி நிலையத்துப் பக்கத்து வாடகைக் கடையிலதானே எடுத்தீங்க?”

“எப்படிம்மா தெரியும்?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “எங்க வீட்டுச் சுவத்துலயும் அதே கடை அங்கியில நான் நிக்கற படம் தொங்குது. ஞாயிறு வகுப்புல சேருங்க சார். நானும் நிறம் பார்த்துதான் அதுல சேர்ந்தேன்.”