கண்ணை மூடுங்கோ

"இண்டைக்கும் பிள்ளை கோல் எடுத்தவன்" என்றார் றேமண்ட், மட்டக்குளி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக. "ஒஃபிஸ் ஃபோனுக்குத்தான். இத்தாலியில சரியான குளிராம். புதுசா ஒரு ஸ்வெட்டர் வாங்கினவனாம்."

மெற்றில்டா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "வடிவாச் சாப்பிடச் சொன்னீங்களோ?"

"சொல்லாமல் விடுவனே? நீர் கெதியா வாரும், கூட்டம் தொடங்கப்போகுது."

இருவரும் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். தகரக் கூரை போட்ட இந்தச் சின்னச் சபையின் அல்லேலூயாக் கூட்டத்துக்கு அவர்கள் வந்ததைப் பங்குச் சுவாமி அறிந்தால், ஞாயிறு பிரசங்கத்திலேயே ஒரு பிடி பிடித்துவிடுவார். ஆனாலும், ஊரூராய்ப் போய் எழுப்புதல் கூட்டம் நடத்தும் பாஸ்டர் கிளெமென்ற் மட்டக்குளிக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து மெற்றில்டா ஒற்றைக்காலில் நின்றாள். மகன் ஹியூபேட் நல்லபடி போய்ச் சேர்ந்ததற்கு நன்றி சொல்ல வேண்டுமாம்.

அதற்கு றேமண்ட் தலையை ஆட்டிவைத்தார். ஹியூபேட் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

சண்டைக் காலம். ஆமிக்காரரின் சுற்றிவளைப்பில் பிடிபட்டுப் பிடிபட்டு வந்த பிள்ளையை இனி இங்கே வைத்திருக்க ஏலாது என்று, ஏஜென்சிக்காரனைப் பிடித்து இத்தாலிக்கு அனுப்பியவர் றேமண்ட்தான். என் கண்ணுக்கு முன்னாலேயே கிடக்கட்டும் என்று மெற்றில்டா எவ்வளவோ மன்றாடியும் அவர் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் ஏஜென்சிக்காரன் அவர் வேலை செய்யும் துறைமுக ஒஃபிஸுக்கே தேடிக்கொண்டு வந்தான்.

"முதல்ல வீட்டைதான் போனனான் ஐயா. நீங்க வேலைக்கெண்டு அக்கா சொன்னா" என்று தொடங்கியவன் தலையைக் குனிந்துகொண்டான். பிள்ளைகளை ஏற்றிப்போன படகு கடலில் மூழ்கிவிட்டதாம். ஒருவரும் கரை சேரவில்லையாம்.

மனைவியிடம் சொல்லிவிடத்தான் அன்று வீட்டுக்குப் போனார். ஏற்கெனவே நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து எடுப்பவள் அவள். கதவைத் திறந்தவளின் முகத்தைக் கண்டதும் நாக்குப் புரளவில்லை. "பிள்ளை போய்ச் சேர்ந்திட்டான், கோல் எடுத்தவன்" என்று வாயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பொய்க்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியதாயிற்று. குளிர், ஸ்வெட்டர், புதுவேலை என்று வாரத்துக்கு ஒரு கதை. நல்லவேளையாக, நானும் ஒருநாள் வந்து அவனோடு கதைக்கிறேனே என்று அவள் ஒருதரமும் கேட்கவில்லை.

சபைக்குள் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாயில் இருந்தார்கள். பாட்டும் பிரசங்கமும் முடிந்ததும் பாஸ்டர் கிளெமென்ற் குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாரும் கண்ணை மூடுங்கோ. ஒருத்தரும் ஒருத்தரைப் பாக்கக்கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்திட்டு வெளியில சொல்லேலாமல் இருக்கிறவை கையை மட்டும் உயர்த்துங்கோ. நான் ஒருத்தன்தான் பாப்பன்."

அந்த நாட்களில் பிள்ளையைக் காணவில்லை என்று கொழும்பில் யார் உரத்துச் சொல்வார்கள்? எங்கே போனான், ஏன் போனான் என்று பொலிஸ் கேட்கும். அதனால்தான் இந்த ஏற்பாடு.

றேமண்டின் கை தானாக உயர்ந்தது. கண்ணை இறுக மூடியபடி, எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு நிமிஷம் பொய்யில்லாமல் இருந்தார்.

"காணிறன்... காணிறன்..." என்று பாஸ்டரின் குரல் சபை முழுக்க நடந்தது. "கையை இறக்குங்கோ. கூட்டம் முடியப் பின் அறைக்கு ஒவ்வொருத்தரா வாங்கோ. தனியா ஜெபிக்கிறன்."

கூட்டம் கலைந்தது. வாசலில் சனம் பால் விடாத பிளேன்ரீக்கு முண்டியடித்தது. அந்த நெரிசலில் மெற்றில்டாவைக் காணவில்லை. தன்னோடு முன்பு வேலை செய்த டோரினைக் கண்டு கதைக்கப் போயிருப்பாள் என்று எண்ணியபோது அவருக்கு ஆறுதலாகவே இருந்தது. பாய்களைச் சுருட்ட உதவுவதுபோல் போக்குக் காட்டி, மற்றவர்கள் போய் வரும்வரை காத்திருந்து, கடைசி ஆளாகப் பின்பக்கம் நழுவினார்.

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா" என்றான் திரைக்கு வெளியே நின்ற சபைக்காரன். "உள்ளுக்கு ஒரு அம்மா."

உள்ளே அழுகை கேட்டது. வாய்விட்டு, மூச்சு அடைக்க அடைக்க அழுகிற அழுகை. எந்தத் தாயோ பாவம் என்று றேமண்டின் கண்ணும் நிறைந்தது. மெற்றில்டா இப்படிக் கதறி அவர் கேட்டதேயில்லை. பிள்ளையைத்தான் காப்பாற்ற முடியவில்லை, இவளை இந்த அழுகையிலிருந்தாவது காப்பாற்றி வைத்திருக்கிறேனே என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டார்.

திரை விலகியது. முகம் வீங்கி, தலை கலைந்து வெளியே வந்தது மெற்றில்டா.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவர் வாயைத் திறந்தார். இந்தத் தடவை பொய் ஒன்றும் வாயில் வரவில்லை.

மெற்றில்டா கிட்ட வந்தாள். சேலைத் தலைப்பால் முதலில் அவருடைய கண்ணைத் துடைத்தாள், பிறகு தன்னுடையதை.

"இஞ்சேருங்கோ" என்றாள் மெதுவாக. "இனிமேல் கோல் எடுக்க வேண்டாமெண்டு பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ."