கையெட்டும் உயரம்

கையெட்டும் உயரத்தில் ஒரு சாமானும் இல்லாத அந்தக் கடலோர நாவலடி வீட்டில் இருந்து இருந்து நேசராணிக்கு அலுத்துவிட்டது. சுனாமிக்குப் பிறகு அவள் புருசன் கோணாமலை அரிசி, உடுப்பு, காணி உறுதிப் பத்திரம் என்று எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவைக்கப் பழகியிருந்தான். உள்நாட்டுச் சண்டையின் கடைசி மாதங்களில் சந்தைக்குப் போனவன் திரும்பி வரவேயில்லை.

தோள்மூட்டு நோவோடு ஏணியில் ஏற முடியாமல், காத்தான்குடி ஹப்ஸாவைக் கூலிக்குப் பிடித்தாள். வேண்டாததைக் கழித்து, வேண்டியதை அடுக்கி, வீடு ஒதுக்கிக் கொடுப்பது ஹப்ஸாவின் தொழில். குவைத்தில் பழகி வந்தது.

முதல் நாள் எல்லாவற்றையும் கீழே இறக்கி அடுக்கினாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் எல்லாம் பரணில் இருந்தன.

"ராவையில நீங்களாக்கா ஏத்தினீங்க?"

"இந்தக் கையாலயா, தங்கச்சி? ஏணியத் தூக்கவே எனக்கு ஏலாது."

மறுபடியும் இறக்கினாள். ஏணியை அடுத்த வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். அப்படியும் காலையில் எல்லாம் மேலேதான் இருந்தன.

"பயமில்லையாக்கா?"

"பயப்படவும் ஏலாமக் கிடக்கு. அந்த மனிசன் ஒண்டையும் நிலத்தில வைக்க விடாது."

"அப்ப எல்லாத்தையும் கழிச்சிருவம். மறுகா ஏத்த ஒண்டும் இராது."

காணி உறுதியை அடுத்த வீட்டில் கொடுத்துவைத்தார்கள்; பொழுது சாய்வதற்குள் மற்றச் சாமான்களை அக்கம்பக்கத்தார் அள்ளிப் போனார்கள். வெறும் வீட்டில் ஒரு பாயை விரித்து, வெகு நாளைக்குப் பிறகு நேசராணி அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள்.

விடிய, ஹப்ஸா கதவைத் தட்டுகிற சத்தம் எங்கோ கீழேயிருந்து கேட்டது. நேசராணி கண்ணைத் திறந்தாள். கூரை ஓடு கையெட்டும் உயரத்தில் இருந்தது.