தாகம்

மனநோய்க்கு மாத்திரை தொடங்கிய பிறகு, பூபாலனின் காதுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன் அடங்கிப்போனான். அக்கா தெய்வானை அந்த நிம்மதியில் இருந்தபோதுதான் தம்பி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டு, உதட்டு ஈரம் காய்வதற்குள் மறுபடி அடுப்படியில் வந்து நின்றான். பழைய குரல்தான் திரும்பி வந்து ஏவுகிறது என்று பயந்துபோன தெய்வானை, அடுப்படியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"யாரும் சொல்லலக்கா. எனக்கே தாகமா இருக்கு" என்று கெஞ்சினான். அவள் நம்பவில்லை. குளியலறை வாளியில் அவன் வாய் வைத்துக் குடிப்பதைப் பார்த்த அன்று அந்தக் கதவையும் பூட்டினாள்.

மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களின் உடம்பு என்ன ஆகிறது என்று ஆராய்கிற டாக்டர் ஒருத்தி, மாத்திரை வாங்கப் போன ஆஸ்பத்திரியில் அவனுக்கும் ரத்தம் எடுத்தாள். முடிவைப் பார்த்ததும் அவளே எழுந்து வந்தாள்.

"சர்க்கரை தாறுமாறா ஏறியிருக்கும்மா. இந்த மாத்திரை சிலருக்கு இப்படிப் பண்ணிடுது. தாகம்னு இவர் சொல்லவே இல்லையா?"

தெய்வானையின் கை இடுப்புச் சாவியைப் பொத்தியது. "அப்ப மாத்திரைய நிறுத்திருங்க" என்றாள்.

"வேணாம் டாக்டர்" என்று பதறினான் பூபாலன். "அவன் திரும்ப வந்துருவான்."

"சர்க்கரைக்கு இன்னைக்கே மருந்து தர்றேன். இதையும் வேற மாத்திரைக்கு மெல்ல மாத்திப் பாக்கலாம்."

"அப்ப அவன் வரமாட்டானா?"

டாக்டர் சீட்டை இழுத்துச் சர்க்கரை மருந்தின் பெயரை எழுதத் தொடங்கினாள்.

வெளியே வந்ததும் தெய்வானை கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி, மூடியைத் திருகி நீட்டினாள். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்ட பூபாலன், அதை வாயருகே கொண்டுபோகாமல் அவள் முகத்தையே பார்த்தான்.

"குடிக்கலாமாக்கா?"