அஞ்சுக்கு அஞ்சு

"கேக்குதா, கேக்கலையா? அதை மட்டும் சொல்லும்மா."

ஸ்டோர் அக்கா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டார். ஸ்டோருக்குள் யாரையும் விட மாட்டார். பேனாவோ பேப்பரோ, அந்தச் சின்ன ஜன்னல் வழியாகத்தான் வெளியே வரும். வந்தால்.

"கேக்குதுக்கா. ஆனா ஒயரை வளைச்சுப் பிடிச்சாத்தான் கேக்குது. இடது கையால இயர்போனைப் பிடிச்சுக்கிட்டு வலது கையால மட்டும் டைப் அடிக்கிறேன்" என்றாள் டைப்பிஸ்ட்.

"கேக்குதில்ல? அப்ப ஃபாரத்துல 'வேலை செய்கிறது'ன்னுதான் எழுத முடியும். வேலை செய்யுற பொருளுக்கு மாத்துப் பொருள் கிடையாது."

ஜன்னல் சாத்திக்கொண்டது.

டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைக் கேட்டு டைப் அடிக்கிற ஆபீஸ் அது. இந்த வாரம் மட்டும் அவளுக்கு இரண்டு தப்பு. மூன்றாவது வந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

"கல்நெஞ்சு" என்று பொருமிக்கொண்டே வந்து சீட்டில் உட்கார்ந்தாள். "பாவம்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிச்சிடும் போல."

"விடும்மா. நான் பாத்துக்கறேன்" என்று எழுந்தார் சவுண்டு சார்.

ஆபீஸ் வைத்த பெயர் அது. எந்த இயர்போனையும் காதில் வைத்த மாத்திரத்தில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிடுவார். இரண்டாவது வெர்ஷன் வந்தபோது, "முதல் வெர்ஷன் தகர டப்பா, இது தேன்" என்றவர் அவர்தான். மூன்றாவது வெர்ஷன் கடைக்கு வந்த அன்றைக்கே இரண்டாவதும் தகர டப்பா ஆகிவிட்டது.

நேராக மேனேஜரிடம் போய் நின்றார்.

"சார், மூணாவது வெர்ஷனைக் கடையில மாட்டிப் பாத்தேன். டாக்டர் பேசுறது தனியா, மூச்சு விடுறது தனியாக் கேக்குது. எல்லாருக்கும் மாத்திடுங்க. தப்பே வராது."

"இருக்கிறதுலயே மலிவான இயர்போன். அதுல வெர்ஷன் ரெண்டென்ன, மூணென்ன? அவன் பெட்டியில நம்பரை மாத்துறான், நீ காதை மாத்துற."

சவுண்டு சாருக்குச் சுருக்கென்றது.

"கண்ணைக் கட்டிட்டுக் குடுங்க சார். எது பழசு, எது புதுசுன்னு சொல்றேன்."

மேனேஜருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது.

"அஞ்சு தடவை. அஞ்சும் சரியாச் சொன்னா எல்லாருக்கும் புதுசு. ஒண்ணு தப்பினாலும் இந்த வருஷம் பூரா இயர்போன்னு ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது."

டைப்பிஸ்ட் ஓடி வந்தாள்.

"சார், வேணாம் சார். கெஞ்சிக் கூத்தாடினா என்னைக்காவது குடுப்பாங்க. இப்ப அதுக்கும் வேட்டு வெக்கிறீங்களே!"

சவுண்டு சார் காது மடலைச் செல்லமாகத் தடவிக்கொடுத்தார். "இது சும்மா காது இல்லம்மா."

டீலர் அனுப்பிய மூன்றாவது வெர்ஷன் சாம்பிள் ஒன்று ஸ்டோரில் இருந்தது. பார்க்க இரண்டு வெர்ஷனும் ஒரே அச்சு. பெட்டியில் மட்டும்தான் நம்பர். எதை எடுத்துக் கொடுக்கிறோம் என்பது உள்ளே இருக்கும் ஸ்டோர் அக்காவுக்குத்தான் தெரியும். ஐந்து முறையும் அவரே நோட்டில் எழுதிக்கொண்டு கொடுப்பது என்று ஏற்பாடு.

"அக்காவா? அப்ப கதை கந்தல்தான்" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

மேனேஜருக்கோ பரம திருப்தி. "கையெழுத்து இல்லாம எனக்கே ஒரு குண்டூசி குடுக்காத அம்மா. இவங்க சொன்னா சொன்னதுதான்."

சவுண்டு சார் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கண்ணில் கர்ச்சீப். தோளுக்கு மேலாக இயர்போன் வந்தது. மாட்டிக்கொண்டார்.

"பழசு. கரகரங்குது."

அக்கா நோட்டைப் பார்த்தார். "சரி."

இயர்போன் உள்ளே போய் மறுபடி வந்தது.

"ஆகா, இது புதுசு! குரல் என்ன சுத்தமா இருக்கு!"

"சரி."

மூன்றாவதும் புதுசு என்றார். சரி. நான்காவது பழசு என்றார். அதுவும் சரி. டைப்பிஸ்ட் பத்து விரல் நகத்தையும் கடித்து முடித்திருந்தாள்.

ஐந்தாவதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். தலையைச் சாய்த்தார். மூச்சைப் பிடித்தார்.

"பழசு... இல்ல, இருங்க... புதுசு. புதுசேதான்!"

ஆபீஸே ஜன்னலைப் பார்த்தது. அக்கா முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"சரி. அஞ்சுக்கு அஞ்சு."

கைதட்டல் அடங்கவே இல்லை. மேனேஜர் வேறு வழியில்லாமல் அங்கேயே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

டைப்பிஸ்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் வேலையைக் காப்பாத்திட்டீங்க சார்."

"நன்றி எல்லாம் இந்தக் காதுக்குச் சொல்லும்மா" என்றார் சவுண்டு சார். "ஒவ்வொரு 'சரி'க்கும் அந்தம்மாவுக்கு வயிறு எரிஞ்சிருக்கும், பாவம்!"

ஆர்டர் போட்ட சரக்கு வர நாலு நாள் ஆகும். அதுவரை அவள் ஒற்றைக் கையால் டைப் அடிப்பதா? பெரிய மனது பண்ணி, அவரே ஸ்டோருக்குப் போனார்.

"அக்கா, டெஸ்ட்டுல எனக்குப் போட்டீங்களே, அந்தப் புதுசு. அதை நம்ம டைப்பிஸ்டுக்குக் குடுத்துடுங்களேன்."

"அவளுக்குன்னுதான் எடுத்து வெச்சிருக்கேன்."

ஜன்னல் வழியாகப் பெட்டியும், அதன் மேல் ஒரு கத்தரிக்கோலும் வந்தன.

"கத்தரிக்கோல் எதுக்குக்கா?"

அக்கா குரலைத் தணித்துக்கொண்டார்.

"சீல் இன்னும் உடைக்கல."