நாடா

பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணிதான் போடவேண்டும் என்று மாமியார் மூத்தவனின் சட்டை ஒன்றை மஞ்சள் பையில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார். போட்டதும் குழந்தை அந்தச் சட்டைக்குள்ளேயே காணாமல் போனது. "என்ன பூங்கோதை, எலிக்குஞ்சாட்டம் பெத்து வச்சிருக்க. மூத்தவன் பொறந்தப்ப வார்டே வந்து பாத்துச்சு" என்றார். பார்க்கத்தான் செய்தது. நாலே முக்கால் கிலோ. தோள் சிக்கி வெளியே வந்தவனைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டுப் பாதத்தில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவளுக்குச் சர்க்கரை கூடியதால்தான் வயிற்றில் அப்படி ஊதினான் என்று டாக்டர் பிறகு சொன்னார். இந்த முறை அவள் சர்க்கரையை ஏற விடவில்லை. தினமும் குத்திப் பார்த்து விரல் நுனிகள் காய்த்திருந்தன. வளைகாப்பில் வாயருகே வந்த லட்டைத் தள்ளியபோது, வயிற்றுப் பிள்ளையைப் பட்டினி போடுகிறாள் என்று சபையிலேயே பேசினார்கள். இப்போது தலையணைக்கடியிலிருந்து மடிப்பில் பழுப்பேறிய ஒரு வெள்ளை ஜப்லாவை எடுத்தாள். மூத்தவனுக்காக அவளே தைத்தது. அவன் கை அதில் நுழையவே இல்லை. "புதுசு ஆகாதுடி" என்றார் மாமியார். "பழசுதான் அத்தை. யாரும் போடல, அவ்வளவுதான்." குழந்தையின் இரண்டு கைகளும் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. முதுகில் முடிச்சு போட்ட பிறகும், அதன் மேல் ஒரு பூ முடிச்சு போட நாடா மிச்சமிருந்தது. அதையும் போட்டாள். பிறகு குழந்தையைத் தூக்கி, மூத்தவனை அவன் பிறந்த வாரம் முழுக்கக் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்த மாமியாரின் மடியில் வைத்தாள்.