பீரோ சாவி

"பீரோ சாவியைக் கொடுங்க டீச்சர்" என்று ஆய்வு அதிகாரி கேட்டதும் டீச்சர் முந்தானையில் முடிந்திருந்த சாவியைப் பொத்திக்கொண்டாள்.

"இப்பவேவா சார்?"

"வீட்டுல வேற பாஷை பேசுற பிள்ளைங்க முப்பது பேருக்கு டேப்லெட் கொடுத்தோம். மார்க் ரெண்டு மடங்கு ஏறியிருக்கு. மாசாமாசம் படிவத்துல நீங்களே எழுதி அனுப்பியிருக்கீங்க. அந்த டேப்லெட்டைக் கண்ணால பார்க்க வேண்டாமா?"

அவளே போய்ப் பீரோவில் சாவியைப் போட்டுத் திருகினாள். கதவு திறந்தது.

முப்பது அட்டைப்பெட்டிகள். ஒன்றில்கூட சீல் பிரியவில்லை.

"ஒண்ணு உடைஞ்சாலும் நான்தான் பொறுப்புன்னு கையெழுத்து வாங்கினாங்க சார். பயந்துபோய்ப் பூட்டிட்டேன்" என்றாள். "ஒரே பாஷைக்காரப் பிள்ளைங்களைப் பக்கத்துல பக்கத்துல உட்காரவச்சு, பாடத்தை அவங்க பாஷையிலயே பேசிக்கவிட்டேன். மார்க் ஏறினது நிஜம். ஆனா படிவத்துல அதுக்குக் கட்டமே இல்லை. டேப்லெட்னு டிக் அடிச்சேன். என் வேலை போயிடுமா சார்?"

அதிகாரி வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு, பிள்ளைகளின் குட்டி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை.

"மொத்தம் பன்னிரண்டு ஸ்கூல், டீச்சர். இதுதான் கடைசி. பதினோரு பீரோவும் இப்படியேதான் இருந்துச்சு. ஒண்ணாவது பிரிச்சிருக்கும்னு சாமியைக் கும்பிட்டுக்கிட்டே வந்தேன்."

"அப்ப ரிப்போர்ட்ல உண்மையை எழுதிடுவீங்களா சார்?"

"உங்க படிவங்களை நம்பி, டேப்லெட்டாலதான் மார்க் ஏறுச்சுன்னு போன மாசமே ரிப்போர்ட் எழுதி அனுப்பிட்டேன். இன்னும் முந்நூறு ஸ்கூலுக்கு டேப்லெட் கிளம்பிடுச்சு." அவளைப் பரிதாபமாக நிமிர்ந்து பார்த்தார். "என் வேலை போயிடுமா டீச்சர்?"