எதிர்க்கடை

கறுப்புக் குதிரைகள் இரண்டும் லண்டனின் பெத்னல் கிரீன் சந்தைக்குள் நடந்து வருகின்றன. கண்ணாடி வண்டிக்குள் லென் பர்க்கெட்டின் சவப்பெட்டி. அதன்மேல் வெள்ளைச் சாமந்தியில் கட்டிய தராசு. செத்த வியாபாரிக்குச் செய்யும் சந்தை வழக்கப்படி வண்டி அவனுடைய பழக்கடைக்கு முன்னால் நிற்கிறது. தார்ப்பாய் போட்டு மூடிய கடை. வியாபாரிகள் கூவலை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றுகிறார்கள். எதிர்க்கடை மேவிஸ் மட்டும் ஆப்பிளைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். லென் பவுண்டுக்கு ஆறு ஆப்பிள் என்று கூவினால் இவள் ஏழு என்பாள். இத்தனை வருஷமும் இரண்டு பேருக்கும் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். “இன்னிக்காவது சும்மா நில்லேன், மேவிஸ்,” என்கிறான் மீன்கடை ரெஜ். “வாய மூடு. உன் மீனவிட அதுதான் நாறுது.” ஈரக் கல்தரையில் குதிரை குளம்பைத் தட்டுகிறது. வண்டிக்காரர் கிளம்பக் கடிவாளத்தைச் சுண்டுகிறார். “யோவ், கொஞ்சம் இருய்யா. இப்படி வாய்மூடி அனுப்புனா அவன் போகவே மாட்டான்,” என்று மேவிஸ் தெருவைக் கடக்கிறாள். லென் எப்போதும் நிற்கும் இடத்தில் போய் நின்று, இடுப்பில் கைவைத்து, அவன் கூவலையே கூவுகிறாள்: “வாங்க கண்ணுங்களா! பவுண்டுக்கு ஆறு ஆப்பிள்! ஆறு!” கூவிவிட்டு எதிரே தன் கடையைப் பார்க்கிறாள். ஏழு என்று சொல்ல அந்தக் கடையில் ஆளில்லை.